அடீனியம் வாடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கைபேசிப் படங்களில் பாதி, பாலைவன ரோஜா என்று சொல்லும் அடீனியத்தின் அடித்தண்டைத்தான் காட்டும். "அண்ணா, தொட்டா அமுங்குது, என்ன செய்யறது?" பங்குனி, சித்திரையில் வரும் படங்கள் வேறு: மஞ்சள் புள்ளி விழுந்த இலை, கருகிய மொட்டு. ஒரே கேள்விகள் வருடா வருடம் வருவதால், சென்னை மாதிரி ஊரில் மாடியில் அடீனியம் வளர்ப்பவர்களுக்காக அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் செடியில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாமல் சரியாகும் காரணம் முதலில் வரும், கத்தி எடுக்க வேண்டியது கடைசியில் வரும்.

அதற்கு முன் ஒன்று. செடி வாட்டமாகத் தெரிந்தவுடன் நம் கை தானாகக் குழாய்க்குப் போகும். அடீனியத்தில் அந்தக் கையைத்தான் தடுக்க வேண்டும். என்னிடம் வந்த செடிகளில் பூச்சியால் செத்தவை மிகக் குறைவு. அழுகலின் மேல் ஊற்றிய தண்ணீரால் செத்தவைதான் அதிகம். எனவே தண்ணீர், உரம், மருந்து மூன்றையும் நிறுத்திவிட்டு முதலில் இவற்றைப் பாருங்கள்:

- கிழங்கு (நர்சரியில் காடெக்ஸ் என்பார்கள்): கட்டைவிரலால் சுற்றிலும் நாலைந்து இடத்தில் அழுத்திப் பாருங்கள். மண் மட்டத்தை ஒட்டியும் அழுத்துங்கள்.
- மண்: ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுங்கள். ஈரம் ஒட்டி வருகிறதா?
- இலையின் அடிப்பக்கம்: வெயிலில் திருப்பிப் பாருங்கள்.

வெட்டும் வேலை எதுவானாலும் கையுறை போடுங்கள். இதன் பால் நஞ்சு. அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

## கிழங்கு அமுங்குகிறது

இங்கே பாதை இரண்டாகப் பிரியும். எந்தப் பாதை என்று தெரியாமல் எதையும் செய்யாதீர்கள், ஏனென்றால் ஒன்றுக்கு மருந்தான தண்ணீர் மற்றதற்கு விஷம்.

### கிழங்கு முழுவதும் ஒரே சீராக அமுங்குகிறது, தோல் சுருங்கியிருக்கிறது, ஆனால் எங்கும் கசியவில்லை

பெரும்பாலும் தாகம். மண் அடிவரை காய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். தொட்டியின் துளை வழியாக வெளியேறும் அளவுக்கு ஒரு முறை நன்றாக ஊற்றிவிட்டு விட்டுவிடுங்கள். மூன்று நான்கு நாளில் கிழங்கு மீண்டும் விறைப்பாகிவிடும். செனகல் முதல் சூடான் வரை நீளும் சாஹேல் வறண்ட நிலத்திலும், கென்யாவின் ட்சாவோ பக்கத்துக் கற்காடுகளிலும் இந்தச் செடி மாதக்கணக்கில் மழையில்லாமல் நிற்கிறது. கிழங்கில் சேர்த்த நீரைச் செலவு செய்து சுருங்குவது அதற்கு வழக்கமான காரியம்.

சமீபத்தில் தொட்டி மாற்றினீர்களா? வேர் அறுந்திருந்தாலும் இதேபோல் சுருங்கும். அப்போது நிழலான இடத்தில் வைத்து, மண்ணை லேசாக மட்டும் ஈரமாக்கி, புது இலை வரும்வரை பொறுக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றி ஒரு வாரமாகியும் விறைக்கவில்லை, மண்ணிலோ ஈரம் அப்படியே இருக்கிறது என்றால் வேர் தண்ணீரை எடுக்கவில்லை என்று பொருள். தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். செத்த வேரை இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அப்படியிருந்தால் அடுத்த பாதைக்கு வாருங்கள்.

### ஒரு பக்கம் மட்டும் அமுங்குகிறது, அல்லது பழுப்பு நீர் கசிகிறது, நாறுகிறது

இது அழுகல். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்று தள்ளினால் அந்த ஞாயிறுக்குள் கிழங்கு உள்ளே கூழாகிவிடும்.

காரணங்களை எளியதிலிருந்து பாருங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு இருக்கிறதா? எடுத்துப் போடுங்கள். மாடித் தரை கறையாகக் கூடாது என்று வைக்கும் அந்தத் தட்டு, மழைக்காலத்தில் வேரைத் தண்ணீரிலேயே நிற்க வைக்கிறது. அடுத்து வடிதுளை. வேரோ மண்ணோ அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். மூன்றாவது மண் கலவை. தென்னை நார்க் கழிவு அதிகம் சேர்ந்த நர்சரிக் கலவையை அப்படியே விட்டிருப்பீர்கள். வெயில் காலத்தில் அது தாங்கும், கார்த்திகையில் தாங்காது.

இனி செடியைக் காப்பாற்றும் வழி:

1. செடியை வெளியே எடுத்து, மண்ணையெல்லாம் உதறி, வேரைக் கழுவுங்கள். அழுகல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அப்போதுதான் தெரியும்.
2. கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அழுகிய சதையைச் சீவி எடுங்கள். ஒவ்வொரு முறை சீவிய பின்னும் கத்தியைத் துடையுங்கள். வெட்டிய முகம் முழுவதும் வெள்ளையாகத் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி இருந்தாலும் அங்கிருந்து மறுபடி கிளம்பும். நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான்: கிழங்கின் அழகு போகிறதே என்று பாதியில் நிறுத்துவார்கள். ஒரு பக்கம் குழிந்த கிழங்கோடு வருடக்கணக்கில் பூக்கும் செடிகள் இருக்கின்றன. பாதி அழுகலை உள்ளே விட்ட செடி பிழைத்து நான் பார்த்ததில்லை.
3. வெட்டுக்காயத்தில் கார்பன்டாசிம், மான்கோசெப் கலந்த பூஞ்சைக்கொல்லித் தூளைத் தடவுங்கள். மஞ்சள் தூளும் தடவுவார்கள். சின்னக் காயத்துக்கு அது போதும், ஆழமான வெட்டுக்கு நான் அதை நம்புவதில்லை.
4. நிழலில், காற்றோட்டமான இடத்தில் மண்ணில்லாமல் தொங்கவிடுங்கள், அல்லது செய்தித்தாளின் மேல் படுக்க வையுங்கள். காயம் தோல் கட்டிக் காய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். பெரிய வெட்டு என்றால் இன்னும் கூட. செடி செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அதன் சாப்பாடு கிழங்கிலேயே இருக்கிறது.
5. காய்ந்த பின் உலர்ந்த கலவையில் நடுங்கள். பருமணல், செங்கல் உடைத்த பொடிக்கல், கொஞ்சம் கரித்துண்டு, மண்புழு உரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நட்டு ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

எப்போது மற்றவரிடம் போக வேண்டும்: அழுகல் கிழங்கின் குறுக்களவில் பாதியைத் தாண்டிவிட்டால் அடியைக் காப்பாற்றப் போராட வேண்டாம். மேலே கிளைகள் இன்னும் விறைப்பாக இருந்தால், ஒட்டுக் கட்டத் தெரிந்த நர்சரிக்காரரிடம் அன்றே கொண்டுபோங்கள். அந்தக் கிளையை நல்ல நாற்றின் மேல் ஒட்டிக் கொடுப்பார். அதே பூ, வேறு அடி. அடுக்கு இதழ் உள்ள விலை கூடிய ரகங்களுக்கு இது கட்டாயம். போத்து நட்டாலும் வேர்பிடிக்கும். ஆனால் விதையில் வந்த செடிபோலப் பருத்த கிழங்கு அதில் சுலபத்தில் வராது.

## இலை மஞ்சளாகி உதிர்கிறது

மார்கழி, தை மாதமா? கிழங்கு விறைப்பாக இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். குளிர் தட்டியதும் செடி ஓய்வுக்குப் போகிறது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் இதன் உறவான இம்பாலா லில்லி குளிர்காலத்தில் ஒரு இலைகூட இல்லாமல் நின்றுகொண்டு, அந்த மொட்டைக் கிளையிலேயே வெள்ளையும் சிவப்புமாகப் பூக்கிறது. இலையில்லாத அடீனியத்துக்குத் தண்ணீர் மிகக் கொஞ்சம் போதும். இலை வரட்டும் என்று ஊற்றுவதால்தான் தை மாதத்தில் இவ்வளவு அழுகல். கொடைக்கானல், ஊட்டி மாதிரி இடங்களில் இருப்பவர்கள் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும்போது செடியை உள்ளே எடுத்து, தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

அடி இலைகள் மட்டும், ஒன்றிரண்டாகவா? வயதான இலை. விடுங்கள்.

இடம் மாற்றினீர்களா? நர்சரி நிழல்வலையிலிருந்து நேராக மாடி வெயிலுக்கு வந்த செடி இலையைக் கொட்டும். கிழங்கின் ஒரு பக்கத் தோலும் வெளுத்துக் காயும். ஒரு வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்குங்கள்.

மழைக்காலம், மண் ஈரம், இலை மொத்தமாக மஞ்சளா? தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள். நகர்த்த முடியாத பெரிய தொட்டி என்றால் ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்துச் சாய்த்து வையுங்கள். அப்புறம் மேலே சொன்னபடி கிழங்கை இரண்டு நாளுக்கு ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

வெயில் காலம், இலை முழுக்கப் பொடிப் பொடியாக மஞ்சள் புள்ளியா? சிவப்புச் சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் மேல் இலையைத் தட்டுங்கள். மிளகாய்ப்பொடித் துணுக்கு மாதிரி விழுந்து நகர்ந்தால் அதுதான். முதல் மருந்து தண்ணீர்தான், ஆனால் வேருக்கு அல்ல: இலையின் அடிப்பக்கத்தில் குழாயால் வேகமாக அடியுங்கள், மூன்று நாளைக்கு ஒரு முறை, காலையில். அடங்கவில்லை என்றால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தணிந்த பின். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்க வேண்டாம், இலை கருகிவிடும். சிலந்திப்பேனுக்கென்றே உள்ள மருந்து கடைசி வழி. அதைக் கடைக்காரர் சொன்ன அளவில் அல்ல, புட்டியில் எழுதிய அளவில் கலக்குங்கள்.

இலை நுனி மட்டும் கருகுகிறதா, மண் மேல் வெள்ளைப் பூச்சு இருக்கிறதா? போர் தண்ணீரின் உப்பு. மழைநீரை அல்லது லாரித் தண்ணீரை நிறைய ஊற்றி அடிவழியாக வடியவிட்டு ஒரு முறை கழுவுங்கள். வெயில் நாளில் செய்யுங்கள், மண் சீக்கிரம் காய வேண்டும்.

## நேற்று இருந்த இலைகளை இன்று காணோம்

தொட்டியைச் சுற்றித் தரையைப் பாருங்கள். மிளகு அளவில் கரும்பச்சை உருண்டைகள் கிடந்தால் அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு வேலை செய்கிறது. அடீனியம் அரளிக் குடும்பம் என்பதால் அரளியைத் தின்னும் புழு இதையும் தேடி வருகிறது. விரல் நீளம், இலைப் பச்சை, தலைப்பக்கம் நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண் போன்ற புள்ளி, வால் நுனியில் ஒரு சின்னக் கொம்பு. அந்தக் கண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கடிக்காது, கொட்டாது.

மருந்து தேவையில்லை. டார்ச் அடித்து இரவில் தேடினால் கிளையோடு ஒட்டியிருப்பது தெரியும். எடுத்து வீட்டுக்கு வெளியே உள்ள அரளிச் செடியில் விட்டுவிடுங்கள், வளர்ந்தால் அழகான பச்சை அந்துப்பூச்சி. புழு பழுப்பாக மாறி இறங்கினால் கூட்டுப்புழுவாகப் போகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் தின்னாது.

நிறையச் செடி வைத்திருப்பவர்கள், புழு சின்னதாக இருக்கும்போதே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாக் கரைசலை மாலையில் அடிக்கலாம். மொட்டையான செடி இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும். அதுவரை தண்ணீரைக் குறையுங்கள். இலை இல்லாதபோது தண்ணீர் செலவாகாது.

## வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, எறும்பு வரிசை

மாவுப்பூச்சி. எறும்பு அதைச் சுமந்து பரப்பும், எனவே எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் அடித்தால் திரும்ப வரும். கொஞ்சமாக இருந்தால் பழைய பல்துலக்கியில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்து எடுங்கள். அதிகம் என்றால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசலோடு, சாயங்காலம், வாரம் ஒரு முறை. மேலே ஒன்றுமே இல்லை, ஆனால் செடி மாதக்கணக்கில் வளராமல் நிற்கிறது என்றால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வேரிலும் மாவுப்பூச்சி உட்காரும். வேரைக் கழுவி, காயவைத்து, முழுவதும் புதுக் கலவையில் நடுவதுதான் தீர்வு. பழைய மண்ணை வேறு தொட்டிக்கும் போடாதீர்கள்.

## பூக்கவே இல்லை

முதல் கேள்வி வெயில். நாளுக்கு ஆறு மணி நேரம் நேரடி வெயில் படாத பால்கனியில் இலை தழைக்கும், கிளை நீளும், பூ வராது. உரம் வாங்குவதற்கு முன் தொட்டியை நகர்த்தி ஒரு மாதம் பாருங்கள்.

இரண்டாவது, கவாத்து. பூ கிளையின் நுனியில்தான் வரும். ஒரே கிளையாக நீண்டிருந்தால் ஒரே இடத்தில்தான் பூ. மாசி மாதம், வெயில் ஏறத் தொடங்கும்போது, கிளைகளை மூன்றில் ஒரு பங்கு விட்டு வெட்டுங்கள். வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று துளிர் கிளம்பும். மழைக்காலத்தில் மட்டும் வெட்டக் கூடாது. வெட்டு முகம் ஈரத்திலேயே இருந்து உள்ளே அழுகும்.

மூன்றாவது, சாணி உரமும் யூரியாவும் அதிகமாகிவிட்டதா? கரும்பச்சையாக இலை மட்டும் தழைத்திருந்தால் அதுதான். நிறுத்திவிட்டு, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூடிய 00:52:34 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுங்கள். இலை உதிர்ந்து ஓய்வில் இருக்கும் செடிக்கு எந்த உரமும் வேண்டாம்.

விதையில் வந்த சின்னச் செடி என்றால் பொறுமை ஒன்றுதான் வழி. சில நாற்று ஒரு வருடத்துக்குள் பூக்கும், சிலது இரண்டு வருடம் எடுக்கும்.

### மொட்டு வருகிறது, விரியாமல் கருகுகிறது

மழை நீர் மொட்டுக்குள் தங்கினாலும், கடும் வெயிலில் மண் முழுவதும் காய்ந்தாலும் இப்படி ஆகும். இரண்டும் இல்லையென்றால் ஒரு மொட்டைப் பிரித்து உள்ளே பாருங்கள். மெல்லிய கோடுபோல ஓடும் பூச்சி இருந்தால் இலைப்பேன். கருகிய மொட்டுகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, நீல ஒட்டுப்பொறி ஒன்றைச் செடி மட்டத்தில் தொங்கவிடுங்கள். அப்புறம் வேப்பெண்ணெய்.

### அடுக்குப் பூ என்று வாங்கினேன், இப்போது ஒற்றைப் பூ பூக்கிறது

ஏமாற்றப்பட்டதாக நினைத்து நர்சரியோடு சண்டைக்குப் போகும் முன், ஒட்டுக் கட்டிய தழும்பைத் தேடுங்கள். கிழங்குக்குச் சற்று மேலே தடித்த வளையமாகவோ V வடிவக் கோடாகவோ இருக்கும். ஒற்றைப் பூ வந்த கிளை அந்தத் தழும்புக்குக் கீழேயிருந்து கிளம்பியிருந்தால் அது அடிச்செடியின் கிளை. அதை அடியோடு நீக்குங்கள், விட்டால் மேலே உள்ள ரகத்தை அமுக்கிவிடும். தழும்புக்கு மேலே ஒன்றுமே உயிரோடு இல்லை என்றால் ரகம் போய்விட்டது. மறுபடி ஒட்டுக் கட்டுபவரிடம்தான் போக வேண்டும்.

## கிளை நுனி கருப்பாகிக் கீழே இறங்குகிறது

நாளுக்கு நாள் கருப்பு இறங்குகிறதா என்று ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். நின்றுவிட்டால் காய்ந்து தானாக உதிரும். இறங்கினால் கருப்புக்கு இரண்டு விரல் கீழே வெட்டி, நடுவில் பழுப்பு வட்டம் இல்லாமல் சுத்தமாகும்வரை கீழே போங்கள். வெட்டில் பூஞ்சைக்கொல்லி தடவி மழை படாமல் வையுங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் மீதிக் கிளைகளுக்குத் தெளிக்கலாம். பல செடிகளில் ஒரே நேரத்தில் இப்படிப் பரவினால், நோயுள்ள கிளையைத் தாளில் சுற்றி உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். கண்ணால் பார்த்து எல்லாப் பூஞ்சையையும் பிரிக்க முடியாது.

## பால் பட்டுவிட்டது, அல்லது யாரோ மென்றுவிட்டார்கள்

இதில் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. தான்சானியாவில் ஏயாசி ஏரியைச் சுற்றி வாழும் ஹட்ஸா வேடர்கள் ஒரு வகை அடீனியத்தின் சாற்றைக் கருப்பாகக் கெட்டியாகும்வரை காய்ச்சி அம்புமுனையில் பூசுகிறார்கள். நமீபியாவிலும் வேறொரு அடீனிய வகையை அம்பு நஞ்சாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெரிய மிருகத்தையே வீழ்த்தும் இந்த நஞ்சு இதயத் துடிப்பைக் குலைப்பது. ஆப்பிரிக்காவில் இதை மீன் பிடிக்கவும், தோல் நோய்க்கும் பயன்படுத்துகிறார்கள் என்று படித்துவிட்டு யாரும் இங்கே கஷாயம் வைக்க வேண்டாம்.

- தோலில் பட்டால்: சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயத்தில் பட்டிருந்தால் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.
- கண்ணில் பட்டால்: தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.
- குழந்தை மென்றுவிட்டால்: வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்து எடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி, மயக்கம், துடிப்பு மாறுதல் வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துப்போங்கள். "ஏதோ பூச்செடி" என்று சொன்னால் மருத்துவருக்கு உதவாது. "அடீனியம், அரளிக் குடும்பம்" என்று சொல்லுங்கள்.
- நாய், பூனை, ஆடு தின்றுவிட்டால்: அதேபோல் உடனே கால்நடை மருத்துவர். கவாத்து செய்த கிளைகளைத் தெருவோரம் போடாமல் ஒரு சாக்கில் கட்டிக் குப்பையில் சேருங்கள். மேயும் மாட்டுக்கு அது அரளி என்று தெரியாது.